இஞ்சினை மாற்றி விற்கலாமா?

ஒரு காலத்தில் நம் ஊர்களில் ஆசிரியர் வீட்டு வாசலிலும் தோட்டத்துக் கிராணி வீட்டு வாசலிலும் நின்ற கார் மோரிஸ் மைனர். 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட இந்தக் கார்களுள் சில இன்றும் நம்மவர் வீட்டுக் கொட்டகைகளில் நிற்கின்றன. தாத்தா காலமானபின் அதை விற்கும் பொறுப்பு பெரும்பாலும் படித்த பேரப்பிள்ளைகளிடம்தான் வந்து சேருகிறது. பழைய இஞ்சினோடு அப்படியே விற்பதா, வேறு இஞ்சின் பூட்டித் தருவதாகச் சொல்லி விற்பதா? இதுதான் கேள்வி.

பூட்டித் தருவதே நல்லது என்போரின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மைனரில் 1956 முதல் 948 சிசி, 1962 முதல் 1098 சிசி இஞ்சின். கோலாலம்பூர் நெரிசலில் அது சூடேறித் திணறும். டட்சன் 120ஒய் காரின் 1171 சிசி இஞ்சினைப் பூட்டினால் தினமும் வேலைக்கே ஓட்டிச் செல்லலாம். ஓடும் கார்தானே விலைபோகும் என்கிறார்கள்.

ஆயினும், விற்பவர் முன்கூட்டியே இஞ்சினை மாற்றக்கூடாது என்பதே என் கருத்து.

முதற்காரணம் பணம். பழைய காரைத் தேடி வருபவர்களில் ஒரு சாரார் அசல் இஞ்சினுக்காகவே வருகிறார்கள். அவர்கள் விலையைக் குறைப்பார்கள், அல்லது திரும்பிப் போவார்கள். மற்றொரு சாராருக்கோ எந்த இஞ்சின் வேண்டும் என்பதில் சொந்த விருப்பம் உண்டு. நாம் செலவழித்த பணம் இருவரிடமிருந்தும் முழுமையாகத் திரும்பாது.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. மைனரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். வேகத்தைக் கூட்டிவிட்டு பிரேக்கைப் பழையபடி விடுவது வாங்குபவரின் உயிரோடு விளையாடுவதாகும்.

மூன்றாவது, கிராண்ட். அதில் இஞ்சின் எண்ணும் கொள்ளளவும் பதிவாகியுள்ளன. இஞ்சினை மாற்ற ஜே.பி.ஜே. அனுமதி வேண்டும். சாலை வரியும் மாறக்கூடும்: தீபகற்பத்தில் 1000 சிசி வரை 20 ரிங்கிட், 1200 வரை 55 ரிங்கிட். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் அனுமதியின்றி மாற்றிய காரில், பெயர் மாற்றத்திற்கான பரிசோதனையில் எண் ஒத்துப்போகாவிட்டால் வாங்கியவர்தான் அலைய வேண்டும். விற்றவர் பணத்தோடு போய்விடுவார். இது நியாயமா?

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில் ரேடியேட்டர், கார்புரேட்டர், கேஸ்கெட் ஆகியவற்றைச் சரிபார்த்து அசல் இஞ்சினை ஓட வையுங்கள். இதே குடும்பத்து இஞ்சின் மினி காரில் 2000 வரை வந்ததால் உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. காரின் குறைகளை மறைக்காமல் சொல்லி, உள்ளபடி விலை கூறுங்கள். வாங்குபவரே வேறு இஞ்சின் கேட்டால் அதற்குத் தனி விலை பேசி, எழுதி வைத்து, அனுமதி பெற்று, பிரேக்கையும் மேம்படுத்திய பிறகே கைமாற்றுங்கள். கழற்றிய இஞ்சினை இரும்புக் கடைக்கு அனுப்பாமல் காரோடு சேர்த்துக் கொடுங்கள். முன்னரே மாற்றப்பட்ட காராக இருந்தால் அதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

மாற்றுவதா வேண்டாமா என்ற முடிவு, இனி அந்தக் காரை ஓட்டப் போகிறவருக்கே உரியது. அவர் தெரிந்து முடிவெடுக்க உண்மையைச் சொல்வதே விற்பவரின் கடமை. தாத்தாவின் பெயரில் இருந்த கிராண்ட் கைமாறும்போது அதில் ஒரு பொய்யும் சேர்ந்து போக வேண்டாம், நண்பர்களே.