பிரஷரை ஒருநாள் மட்டும் இறக்கி வைப்பது பற்றி

லாரி ஓட்டுகிறவர் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனால் படிவம் 1ஏ என்கிற மருத்துவச் சான்றைக் கொடுக்க வேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள தாள் அது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்று வரிசையாகக் கேட்கிறது. இரத்த வகையைக்கூடக் கேட்கிறது. இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்பதில்லை. அதை டாக்டர் தன் யோசனைப்படி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆக, ஒரு டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ‘இதக் கொறச்சுட்டு வாங்க’ என்று திருப்பி அனுப்புவார். இன்னொருவர் ஆளையே பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். டிரைவர்கள் தேடிப் போவது இரண்டாமவரை. ஏன் போகிறார்கள் என்று கேட்காமல் ‘படிக்காத சனம், அப்படித்தான்’ என்று சொல்லிவிடுவது படித்தவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. படித்தவர்களில் நம்மவர்களும் உண்டு தோழர்களே.

நான் வங்கியில் குமாஸ்தா. எனக்கும் பிரஷர் உண்டு. முதல்முதலாகத் தெரிந்தபோது இரண்டு நாள் லீவு போட்டேன், மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், மூன்றாம் நாள் கவுண்டரில் உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் ‘ஊறுகாயை விட்டுருங்க’ என்றார். அத்தோடு சரி. என் பெரியப்பா மகன் லாரி ஓட்டுகிறார். அவருக்கு அதே எண் வந்தால் சாவி வேறு ஆளின் கைக்குப் போய்விடும். ‘தம்பி, உனக்குப் பிரஷர்னா அது வியாதி. எனக்குப் பிரஷர்னா வேலை போச்சு’ என்றார் ஒருநாள். இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கவிதையிலும்கூட.

எங்கள் தெருக்களில் ஹெவி லைசென்ஸ் வெறும் அட்டை அல்ல. தோட்டத்துக்காரர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நின்ற பண்ணையாளின் மகன், ரோட்டை விட்டு ஆறடி உயரத்தில் உட்கார்ந்து போகிறான். அந்த அட்டை போனால் அவன் திரும்பிப் போக வேண்டிய இடம் எது என்பது அவனுக்குத் தெரியும். அந்தப் பயத்தோடு பட்டைக்குக் கை நீட்டுகிறவனுக்கு அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்?

அதனால் பரிசோதனை அன்று மட்டும் எண்ணை இறக்கப் பார்க்கிறார்கள். முதல்நாள் பட்டினி. வெறும் வயிற்றில் பூண்டு, எலுமிச்சம்பழம். பக்கத்து வீட்டு அம்மாவின் மாத்திரை இரண்டு. இதெல்லாம் ஏமாற்று இல்லை, தற்காப்பு. ஆனால் ஆபத்தான தற்காப்பு. அழுத்தத்தைச் சடாரென்று கீழே தள்ளினால் மூளைக்குப் போகிற இரத்தம் குறைந்து பக்கவாதம் வரலாம். நாக்குக்கு அடியில் நிபெடிபின் வைத்து உடனே இறக்குகிற பழைய வைத்தியத்தை மருத்துவர்கள் கைவிட்டதே இதனால்தான். வழக்கமாகக் கொடுக்கிற ஆம்லோடிபின் ஒருநாளில் வேலை முடிக்கிற மருந்தும் அல்ல. அதன் முழுப் பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும். லைசென்ஸ் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறவன்தான் தப்பிப்பான்.

அளக்கிற விதத்திலும் அநியாயம் நடக்கிறது. ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு, டீயும் பீடியும் குடித்துவிட்டு, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வரிசையில் நின்றவனை உட்கார வைத்த அடுத்த நொடியே அளந்தால் அது அவனுடைய அழுத்தம் அல்ல, அந்த வரிசையின் அழுத்தம். டீ, பீடி முடிந்து அரைமணியாவது ஆக வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சுயரத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் இருக்கும்போது அளக்க வேண்டும். தடித்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் எண் கூடுதலாகத்தான் காட்டும். இரண்டு தடவை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உரிமை, கெஞ்சல் இல்லை.

மாத்திரையிலும் டிரைவருக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. நீர் பிரிக்கிற மாத்திரை கொடுத்தால் மணிக்கொரு தரம் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். அதனால் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ‘நான் லாரி ஓட்டறனுங்க’ என்று டாக்டரிடம் முதலிலேயே சொன்னால் மாற்றிக் கொடுக்க வேறு மருந்து உண்டு. சில மருந்து தூக்கம் வரவைக்கும், சிலது எழுந்து நிற்கும்போது கண்ணைக் கட்டும். மெடிக்கலில் இடுப்பு வலிக்கு வாங்கிப் போடுகிற டைக்ளோபினாக் அழுத்தத்தை ஏற்றும், மூக்கடைப்பு மாத்திரையும் ஏற்றும். படுத்ததும் பெருங்குறட்டை விட்டு, பகலில் கண் சொருகுகிறவருக்கு அந்தக் குறட்டையே காரணமாக இருக்கலாம், சொல்ல வேண்டும். இதையெல்லாம் டிரைவரிடம் யார் பேசுகிறார்கள்? உப்பைக் குறை, நடைப்பயிற்சி செய் என்று எழுதிய சீட்டு ஒன்று கிடைக்கிறது. ஒட்டன்சத்திரம் தாண்டி நள்ளிரவில் கிடைப்பது புரோட்டாவும் சால்னாவும்தான். உப்பை அவன் எங்கே போய்க் குறைப்பான்? நடப்பது எப்போது?

பனியன் பெட்டிகள் தூத்துக்குடித் துறைமுகம் போய்ச் சேர முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். கப்பல் நேரத்துக்குள் கண்டெய்னர் போயாக வேண்டும். பிரிண்டிங்கில் தாமதம், அயர்னிங்கில் தாமதம், பேக்கிங்கில் தாமதம் என்று கம்பெனிக்குள் தொலைந்த மணி நேரமெல்லாம் கடைசியில் டிரைவரின் தூக்கத்திலிருந்துதான் கழிகிறது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றது, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் அரைமணி ஓய்வு என்றது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்குத்தான். ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கிற முதலாளியிடம் ஓட்டுகிறவன் அன்றைக்கே கணக்கில் இல்லை. அந்தச் சட்டத்தையும் 2020-இல் ஒரு தொகுப்புக்குள் மடக்கிவிட்டார்கள்.

2020 பிப்ரவரி 20 விடியற்காலை அவிநாசி அருகே டைல்ஸ் ஏற்றிய கண்டெய்னர் லாரி, சாலை நடுத்தடுப்பைத் தாண்டிக் கேரள அரசுப் பேருந்தில் மோதியது. 19 பேர் இறந்தார்கள். லாரி டிரைவர் கண்ணயர்ந்ததே காரணம் என்றார்கள். ஏன் அயர்ந்தான் என்று கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. 2024 ஜூலையில் வெள்ளகோவிலில் ஒரு பள்ளி வேன் டிரைவருக்கு ஓட்டும்போதே மாரடைப்பு வந்தது. வலியோடு வண்டியை ஓரம் நிறுத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டு ஸ்டியரிங்கிலேயே உயிரை விட்டார். முதலமைச்சர் பாராட்டி ஐந்து லட்சம் அறிவித்தார். பாராட்டு நியாயமானது. அந்த மனிதரின் உடம்பு பற்றி ஆரூடம் சொல்ல நான் வரவில்லை. செத்த பிறகு ஒரு டிரைவரின் இதயத்தைப் பற்றிப் பேசிய நாடு, அதற்கு முன்னால் எத்தனை டிரைவர்களின் இதயத்தைப் பட்டை சுற்றிப் பார்த்தது என்பதுதான் என் கேள்வி.

பிரிட்டனில் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். மேல் அழுத்தம் 180, கீழ் அழுத்தம் 100 — இதில் ஒன்று தொடர்ந்து இருந்தாலும் லாரியோ பஸ்ஸோ ஓட்டக் கூடாது. மருந்தில் இறங்கியபின் மறுபடி ஓட்டலாம். நிறுத்துகிற கோடும் திரும்பி வருகிற வழியும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன. இங்கேயும் எண்ணை எழுதுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன். ‘எண்ணை எழுதினா மொதலாளி அதையே காரணமாக்கித் துரத்துவானே’ என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் எண்ணோடு சம்பளமும் எழுதப்பட வேண்டும்: அழுத்தம் இறங்குகிற வாரங்களுக்குக் கூலி, இறங்கியபின் அதே வண்டி. கூலி இல்லாத எண் டிரைவரை மறுபடி அந்த இரண்டாவது டாக்டரிடமே அனுப்பும்.

2019 திருத்தம் லைசென்ஸின் மூன்று ஆண்டை ஐந்தாக்கியது. அலைச்சல் மிச்சம், சரி. ஆனால் பரிசோதனையும் ஐந்து ஆண்டுக்கு ஒன்றாகிவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம், எங்கள் தெருவிலேயே பல கிழவிகள் அதில்தான் நடமாடுகிறார்கள். அவர்கள் வந்து கதவைத் தட்டும்போது டிரைவர் மதுரை பைபாஸில் இருக்கிறான். மக்களைத் தேடுகிறவர்கள் லாரிப்பேட்டைக்கும் டோல்கேட்டுக்கும் ராத்திரி பத்து மணிக்கு வரட்டும். எந்த ஊர் சுகாதார நிலையத்தில் நோட்டைக் காட்டினாலும் மாத்திரை கிடைக்கட்டும். வண்டி எப்போது திரும்பும் என்று தெரியாதவனுக்கு இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்தே கொடுக்கட்டும்.