ஓவர்கிளாக் நமக்கு எதுக்கு?

பிளஸ் டூ முடிச்சதும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பார்ட்ஸ் வாங்கி, கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணணும்னு நம்ம பசங்க பல பேருக்கு ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் கூடவே, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே பிராசசரை ஓட்டணும், ஓவர்கிளாக் பண்ணணும் என்கிறார்களே, அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

கணக்குப் பாருங்கள். பிராசசர் இழுக்கும் கரண்ட் வேகத்தோடு கூடும். வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். இரண்டையும் 10 சதவீதம் ஏற்றினால் 1.1 × 1.1 × 1.1 = 1.331. பத்து சதவீத வேகத்துக்கு 33 சதவீதம் கூடுதல் சூடு! (பிசிக்ஸ் சார் மன்னிக்கவும், இது தோராயக் கணக்கு.) சித்திரை வெயிலில் அந்தச் சூடு வீட்டை விட்டு எங்கே போகும்?

இன்டெல் என்றால் 'கே' போட்ட பிராசசர், 'இசட்' வரிசை மதர்போர்டு, பெரிய கூலர் என்று செலவு ஏறிக்கிட்டே போகும். பெரும்பாலான கேமுக்குக் கைகொடுப்பது கிராபிக்ஸ் கார்டு. அந்தக் காசை அதில் போடலாமே! திராட்சை வித்த காசுப்பா, சும்மா வரல.

மிச்சத்தில் நல்ல எஸ்.எம்.பி.எஸ்., ஒரு யு.பி.எஸ். வாங்குங்கள். கேபினெட்ல கலர் லைட்டைப் பார்த்து மயங்குறவங்க, உள்ளே பேர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். இருக்கான்னு கேளுங்க. மழைக்காலத்துல கரண்ட் போய்ப் போய் வரும்போது முதல் அடி வாங்குறது அதுதான்.