மூச்சிரைப்பும் மனநலமும்

ஆசிரியருக்கு,

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், மூச்சோடு சேர்த்து மனத்தையும் வாட்டுகிறது. புகைபிடித்தவர்களும், விறகடுப்புப் புகையில் பல ஆண்டுகள் சமைத்த பெண்களும் இதற்கு அதிகம் ஆளாகிறார்கள். மூச்சு இரைத்ததும் பயம் வருகிறது. பயத்தில் மூச்சு வேகமாகி, காற்று நுரையீரலுக்குள்ளேயே தேங்கி, இரைப்பு இன்னும் கூடுகிறது. இதற்கு அஞ்சியே பலர் மாடிப்படி ஏறுவதையும் கடைகண்ணிக்குப் போவதையும் விட்டுவிடுகிறார்கள். தசைகள் தளர்கின்றன, மனச்சோர்வு பற்றிக்கொள்கிறது.

இந்தச் சுழலை ஓரளவு நோயாளியே தடுக்கலாம். மூக்கால் இரண்டு எண்ணும்வரை மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை மெல்ல விட்டால் இரைப்பு தணியும். அன்றாட நடை, ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளிப்பது, சளியின் நிறம் மாறினாலோ அளவு கூடினாலோ உடனே மருத்துவரைப் பார்ப்பது ஆகியவையும் அவசியம். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பதற்றத்தையும் குறைக்கிறது.

2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம். நெஞ்சக நோய்ப் பிரிவுகள்தோறும் மனநல ஆலோசகர் ஒருவரை அரசு நியமிக்க வேண்டும்.

– வாசகர், மதுரை