இன்னும் எத்தனை பட்டம் வாங்க வேண்டும்?

“எம்.பி.ஏ. முடித்துவிட்டு வாருங்கள், பார்க்கலாம்.” தனியார் நிறுவனத்தில் பத்தாண்டு உழைத்தும் பதவி உயர்வு கிடைக்காத நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் பதில் இதுதான். கல்விக் கடனை இப்போதுதான் அடைத்து முடித்த முதல் தலைமுறைப் பட்டதாரி, மீண்டும் கடன் வாங்கிப் படிக்கக் கிளம்புகிறார்.

எம்.பி.ஏ. வீண் என்பதல்ல நம் வாதம். வரவு செலவு அறிக்கையைப் படிக்கவும், ஒரு திட்டத்தின் செலவைக் கணக்கிடவும், ஒப்பந்தம் பேசவும் அது கற்றுத் தருகிறது. கடையும் கணக்கும் மறுக்கப்பட்ட சமூகங்களுக்கு இந்த அறிவு கட்டாயம் தேவை. ஆனால், பதவியைத் தீர்மானிப்பது இந்த அறிவு மட்டும்தானா?

2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவனங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பெயர் மட்டும் வேறு. தலித் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வுக்காகச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரிகளைச் சந்தித்தார்கள். “சாதி பார்ப்பதில்லை, தகுதிதான்” என்றார்கள் அந்த அதிகாரிகள். ஆனால், நேர்காணலில் குடும்பப் பின்னணியை விசாரிக்கிறார்கள். உச்சியில் நிலைமை என்ன? 1000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வின்படி, உறுப்பினர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர்.

கொலம்பியாவிலும் இலண்டனிலும் பொருளியல் படித்த அம்பேத்கர், 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். ஏவலர்கள் கோப்புகளை அவர் மேசையில் வீசி எறிந்தார்கள். பிறகு பம்பாயில் முதலீட்டு ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவரிடம் எந்தப் பட்டம் குறைந்திருந்தது?

பெரிய வணிகப் பள்ளியில் விற்கப்படுவது பாடம் மட்டுமல்ல, தொடர்புகளும்தான். இன்றைய வகுப்புத் தோழர்தான் நாளை வேலைக்குப் பரிந்துரைப்பவர். ஐ.எஸ்.பி. போன்ற தனியார் பள்ளிகளில் ஓராண்டுப் படிப்புக்கு 30 இலட்சத்துக்கு மேல் ஆகிறது. இட ஒதுக்கீடும் இல்லை. தனியார் கல்வி நிறுவனங்களிலும் இட ஒதுக்கீடு கொண்டுவர அரசமைப்பின் 93ஆவது திருத்தம் வழிவிட்டது. ஆனால், 2006ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசின் கல்வி நிறுவனங்களோடு நின்றுவிட்டது.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. தனியார் வணிகப் பள்ளிகளிலும் இட ஒதுக்கீட்டுச் சட்டம் வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்கு உதவித்தொகை வேண்டும். பதவி உயர்வு பெற்றவர்களின் கணக்கை நிறுவனங்கள் சாதிவாரியாக வெளியிட வேண்டும்.

தோழர்களே, படியுங்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ மாலை வகுப்பிலோ, கடனில் மூழ்காமல் படியுங்கள். ஆனால், உங்களுக்குப் பதவி மறுக்கப்பட்டதற்குக் காரணம் உங்கள் திறமைக் குறைவுதான் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பூட்டு கதவில் இருக்கிறது. அதைத் திறக்கச் சொல்லி ஒன்றாகக் கேட்போம்.