மஞ்சள் பை

பெருங்களத்தூர்ப் பக்கம் ஏரிப் புறம்போக்கில் வீடு கட்டியிருக்கும் நண்பர், வரி ரசீதுகளை மஞ்சள் பையில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு, ஒன்றுகூட விட்டதில்லை.

"இதான் சார் நம்ம பட்டா!"

ரசீது உரிமைக்கு ஆதாரமாகாது என்று கோர்ட்டுகள் பலமுறை சொல்லியாச்சு. நான் சொல்லவில்லை.

2021-ல் தாம்பரம் மாநகராட்சியானது. 2022-ல் வரி ஏறியது. 600 சதுர அடி வரை 25 சதவீதம். 1,800-க்கு மேல் 100. சின்ன வீட்டுக்குச் சின்ன ஏற்றம். நியாயம்தான். ஆனால் காலடி மண் யாருடையது என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. வரி கேட்டு வந்தால் 'வீட்டுக்காரர்'. காலி பண்ணச் சொல்லி வந்தால் 'ஆக்கிரமிப்பாளர்'. ஒரே கதவுதான்.

"அக்டோபர்ல முப்பது நாளுக்குள்ள கட்டினா 5 சதவீதம் தள்ளுபடி சார். கட்டியாச்சு. நீங்க?"

எனக்குப் பட்டா இருக்கிறது. வரிதான் இன்னும் கட்டவில்லை.