கருணை விதைக்கிழங்கைக் காத்தல்

குளிர் தேசத்துக் குடியானவர்கள் காரட் கிழங்கைப் பனிக்காலத்திற்கு முன் பிடுங்கி, நிலவறையில் ஈரமணலினூடே அடுக்கிப் பல மாதம் வைத்து உண்பர். அந்நிலவறைகளின் குளிர் உறைநிலையை ஒட்டியிருப்பதால் கிழங்கு முளைப்பதுமில்லை, எளிதில் அழுகுவதுமில்லை. நெடுநாள் நிற்கும் பழைய ரகங்களை அவர்கள் தேடித் தெரிந்து விதையெடுத்துக் காத்து வருகின்றனர்.

உத்திரமேரூர்ப் பகுதியில் அவ்விதம் குழிதோண்டிக் காரட் சேமிக்க எண்ணுவது வீண். மார்கழி இரவிலும் இங்கு வெப்பம் 20 டிகிரிக்கு அண்மையிலேயே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிக்கீழ் நிலங்களில் தோண்டிய குழியில் நீரூறும். எனினும், நிற்கும் கிழங்கையே விதைக்குத் தெரிந்தெடுக்கும் அவர்களுடைய பழக்கம் இங்கும் கைக்கொள்ளத்தக்கது. அதற்குரிய பயிர் சேனை என வழங்கும் பெருங்கருணையே.

சித்திரை, வைகாசியில் நட்ட கருணை 8, 9 மாதத்தில் தழை பழுத்துச் சாய்ந்ததும் தோண்டப்படுகிறது. பின்னர் இரண்டு மூன்று மாதம் கிழங்கு தானே உறங்கும். ஆதலின் தை, மாசியில் எடுத்த கிழங்கு அடுத்த நடவுவரை நிழலில் கிடக்கும்; நிலவறை வேண்டுவதில்லை. இவ்வளவு வசதியிருந்தும், எடுத்த அன்றே கிழங்கு முழுவதையும் வியாபாரிக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சித்திரையில் விதைக்கிழங்கு தேடி அலைவோரை என்னென்பது! மூன்றடிக்கு மூன்றடி நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,800 குழி. துண்டு ஒன்றுக்கு அரைக் கிலோ வைத்தாலும் 2,400 கிலோ விதைக்கிழங்கு வேண்டும். இப்பயிரில் கைப்பொருளை விழுங்கும் பெருஞ்செலவு இதுவே. விலைக்கு வாங்குவதில் பல ரகமும் கலந்திருக்கலாம். மாவுப்பூச்சியும் கூடவே வந்து சேரலாம்.

மண்வெட்டி பட்ட கிழங்கை முதலில் சமையலுக்கோ விற்பனைக்கோ ஒதுக்கிவிட வேண்டும். காயமற்றவற்றை மண் உதிர்த்து நிழலில் உலர்த்தி, காற்றோட்டமுள்ள கொட்டகையில் மணல்மீது ஒரே வரிசையாகப் பரப்புவது நலம். குவித்தால் அடிக்கிழங்கு வேகும். வாரம் ஒருமுறை பார்த்து, அழுகியதை அகற்றுதல் வேண்டும். வாடாமலும் அழுகாமலும் கடைசிவரை நின்றவற்றையே அடையாளமிட்டு நடவுக்கு வைத்துக்கொள்ளலாம். கருணை துண்டு நட்டு விளைவதாதலால் தாயின் குணம் மாறாது வரும். வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் நடுமுளையின் ஒரு பங்கு இருத்தல் அவசியம். வெட்டுவாயைச் சாம்பல் கலந்த சாணிக்கரைசலில் தோய்த்து உலர்த்துவது நல்ல பழைய வழக்கம்.

காறல் குறைந்த கஜேந்திரா ரகமும், 1963இல் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீ பத்மா ரகமும் சந்தைக்கு உகந்தவை. அவற்றைப் பயிரிட வேண்டாமென்பதன்று. ஆனால் அவை வந்ததென்று, புறக்கடையில் தலைமுறையாக இருந்துவந்த கருணையைக் கறிக்கு அரிந்து தீர்த்துவிடுவது விவேகமாகாது. ஒருமுறை அற்றுப்போன ரகத்தை எந்த ஆராய்ச்சி நிலையமும் திருப்பித் தர இயலாது.

இங்குக் கிராம அதிகாரிகளுக்கும் வேலையுண்டு. அடங்கலில் பயிரின் பெயர் ஏறுகிறது. புறக்கடையில் நிற்கும் நாலு செடியின் ரகம் ஏறுவதில்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்ச் சபையில் ஏரிவாரியத்தோடு தோட்டவாரியமும் இருந்ததைக் கோயிற் கல்வெட்டு காட்டுகிறது. அவ்வூரைச் சுற்றியுள்ள பஞ்சாயத்துகள், எவ்வெவர் கொல்லையில் எந்தப் பழங்கருணை இருக்கிறது, அது எந்த மாதம்வரை கெடாது நிற்கிறது என்பதை விசாரித்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். மாசி அறுவடையின்போதே தொடங்கினால் சித்திரை நடவுக்குள் முடித்துவிடலாம்.