‘நடக்க வாய்ப்பில்லை’ என்பது பதிலாகாது

லினக்ஸ் கெர்னலில் நினைவகத்தை நிர்வகிக்கும் பகுதிக்கு ஒரு பேட்ச் அனுப்பினால், மனிதக் கண் படுவதற்கு முன்பே எந்திரங்கள் அதைப் பார்த்துவிடுகின்றன. இன்டெல்லின் சோதனை ரோபோ பலவகைச் செயலிகளுக்கு அதைக் கம்பைல் செய்து பார்க்கும். இப்போது மொழி மாதிரிகளும் சேர்ந்துகொண்டு, இரண்டு த்ரெட்கள் இன்ன வரிசையில் வந்தால் விடுவித்த நினைவகப் பக்கத்தையே மறுபடி தொட நேரும் என்று குறிப்பு எழுதுகின்றன. இதெல்லாம் ஏட்டில்தான் நடக்கும் என்று தள்ளிவிடுவோர் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை.

‘டர்ட்டி கவ்’ ஓட்டையை நினைத்துப் பாருங்கள். படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பை ஒரு நிரல் தனக்கு மட்டுமென நினைவகத்தில் இணைத்து அதில் எழுத வந்தால், கெர்னல் அதற்குத் தனி நகல் எடுத்துக் கொடுக்கும். நகலெடுப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே இன்னொரு த்ரெட் அந்த நகலைக் கைவிடச் சொன்னால், எழுத்து மூலக் கோப்பின் மேலேயே போய் விழுந்தது. சாதாரணப் பயனர் முழு அதிகாரம் கொண்ட ரூட் ஆகிவிடலாம். ஆண்ட்ராய்டு போன்களும் தப்பவில்லை. 2016 அக்டோபரில் அதை அடைத்த லினஸ் டோர்வால்ட்ஸ், பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே தாம் அதைச் சரிசெய்ய முயன்றதையும், ஐபிஎம்மின் எஸ்390 கணினிகளில் சிக்கல் வந்ததால் அது திரும்பப் பெறப்பட்டதையும் அந்தப் பேட்சிலேயே எழுதினார். அன்று ஏட்டளவில் இருந்த மோதல், கெர்னல் வளர வளர எளிதில் நிகழக்கூடியதாகிவிட்டது என்றும் சொன்னார். எஸ்390 சிக்கல் 2013லேயே தீர்ந்திருந்தது. அதன் பிறகும் மூன்று ஆண்டுகள் ஓட்டை அப்படியே கிடந்தது.

பழைய கமிட்களைச் சலிக்காமல் படித்து இப்படிப்பட்ட பாக்கிகளை நினைவூட்டுவதற்கு எந்திரத்தைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. ஆனால் குறிப்பு முழுமையாக இருக்க வேண்டும்: எந்தத் த்ரெட், கையில் எந்தப் பூட்டு, எந்த வரியில் இடைவெளி. இவை இல்லாத எச்சரிக்கை, ஏற்கெனவே ஆள் போதாத பராமரிப்பாளர்களின் நேரத்தைத் தின்னும். அதைப் படிக்க மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. முழுமையான குறிப்புக்கு முதல் பதில் சொல்ல வேண்டியவர் பேட்ச் எழுதியவர்தான். ‘இந்தப் பூட்டு இருக்கும்வரை அந்தத் த்ரெட் உள்ளே வராது’ என்று காரணத்தோடு சொல்லி, அதைக் கமிட் குறிப்பிலும் எழுதிவைக்க வேண்டும்.

எழுதிவைப்பதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. சரியான வாதத்துக்கும் ஆயுள் உண்டு. ஒரு நிரலின் ஸ்டாக் விரிவதற்கு, பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய வாசிப்புப் பூட்டே போதும் என்பது நெடுங்காலம் சரியாகத்தான் இருந்தது. அப்போது ஸ்டாக்கின் எல்லை முகவரி மட்டுமே இருந்த இடத்தில் மாறியது. கெர்னலின் 6.1 பதிப்பில், நினைவகப் பகுதிகளைப் பதிந்துவைக்க மேப்பிள் ட்ரீ என்ற தரவமைப்பு வந்ததும், விரிவு என்பது பழைய கணுவை விடுவித்துப் புதியதை வைப்பதாக ஆனது. அதே பூட்டோடு நின்ற இன்னொரு த்ரெட் விடுவித்த கணுவைத் தொட்டது. 2023இல் வெளிவந்த ‘ஸ்டாக்ராட்’ ஓட்டை இதுதான்.

அடிப்படை எப்போது மாறியது என்று தேடுகிறவருக்குக் காரணம் எழுத்தில் கிடைக்க வேண்டும். கேட்க ஓர் ஆளும் வேண்டும். அதனால், சரிபார்த்தவர் யார் என்று பதியும் வரியில் எந்திரத்தின் பெயரை ஏற்க நாம் சம்மதிக்கவில்லை.